இனிஷியல் டி: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது, ஹாருனா மலைக்கு எப்படிப் போவது

நள்ளிரவு மலைச்சாலையில் கார்கள் வழுக்கிக்கொண்டு பாயும் துண்டு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை (அனிமே) தேடத் தொடங்கியவரா நீங்கள்? அப்படியானால் முதல் சிக்கல் கதையில் வராது, பட்டியலில் வரும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், எக்ஸ்ட்ரா ஸ்டேஜ், பேட்டில் ஸ்டேஜ், லெஜண்ட் என்று பத்துப் பெயர்கள் கிடக்கும். எது தொடர், எது திரைப்படம், எது வெறும் தொகுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைத் தாண்டி உட்கார்ந்தால் முதல் மூன்று எபிசோடுகளில் நாயகன் ஒரு பந்தயம்கூட ஓட்டியிருக்க மாட்டான். கார்களின் கணினி வரைகலையும் இன்றைய கண்ணுக்குப் பழையதாகத் தெரியும். நல்ல தொடரை இப்படிப் பாதியில் கைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில், எந்தக் குறைகளுக்குத் தயாராகிப் பார்ப்பது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் கடைசி வரை வந்திருப்பார்கள். அதற்காகத்தான் இது.

1. வரிசையை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

ஷுய்ச்சி ஷிகெனோ வரைந்த மூல மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 1995 முதல் 2013 வரை வந்தது, மொத்தம் 48 தொகுதிகள். அனிமேயைப் பார்க்க வேண்டிய வரிசை இது:

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (1998, 26 எபிசோடுகள்)
செகண்ட் ஸ்டேஜ் (1999, 13 எபிசோடுகள்)
தேர்ட் ஸ்டேஜ் (2001, திரைப்படம்)
ஃபோர்த் ஸ்டேஜ் (2004, 24 எபிசோடுகள்)
ஃபிஃப்த் ஸ்டேஜ் (2012, 14 எபிசோடுகள்)
ஃபைனல் ஸ்டேஜ் (2014, 4 எபிசோடுகள்)

அடிக்கடி தவறவிடப்படுவது தேர்ட் ஸ்டேஜ். அது திரைப்படம் என்பதால் பல இடங்களில் தொடரின் பட்டியலில் சேர்ந்து வராது, தனியாகத் தேட வேண்டும். அதை விட்டுவிட்டு நேராக நான்காவதுக்குப் போனால், நாயகன் டகுமி ஏன் திடீரென்று வேறொரு அணியில் இருக்கிறான், அவன் வகுப்புத் தோழி நட்சுகி எங்கே போனாள் என்று புரியாது. பள்ளிப் பருவக் கதை முடிவது அந்தப் படத்தில்தான்.

பேட்டில் ஸ்டேஜ் என்ற பெயரில் வருபவை பந்தயக் காட்சிகளின் தொகுப்பு. இப்போதைக்கு வேண்டாம், முடிவுகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எக்ஸ்ட்ரா ஸ்டேஜ், உசுயி கணவாயில் ஓட்டும் மாகோ, சயுகி என்ற இரு பெண்களின் கிளைக்கதை. செகண்ட் ஸ்டேஜ் முடிந்த பிறகு பார்க்கலாம். அதில் கவர்ச்சிக் காட்சிகள் உண்டு, வீட்டுக் கூடத்தில் போட வேண்டாம்.

இனி முக்கியமான பொறி. 2014 முதல் 2016 வரை மூன்று பாகங்களாக வந்த லெஜண்ட் படங்களின் வரைகலை புதிதாக, பளபளப்பாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ‘இதிலிருந்து தொடங்கினால் எளிது’ என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். அவை முதல் பாகத்தின் முக்கியப் பந்தயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவிலுள்ள மூச்சுவிடும் இடங்களை வெட்டிவிடுகின்றன. குரல் நடிகர்களும் மாறிவிட்டார்கள். ஜப்பானிய மொழி வடிவத்தில் யூரோபீட் என்ற வேகத் தாள இசையும் கிடையாது. அது இல்லாத இனிஷியல் டி அரைத் தொடர்தான்.

2. நேரமும் சந்தாவும்

தொடர் மட்டும் 81 எபிசோடுகள். அத்துடன் ஒரு திரைப்படம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 34 மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று எபிசோடு என்றால் 27 நாள், படத்துக்கு ஒரு நாள். ஆகவே ஒரு மாதச் சந்தாவே போதும், இந்தத் தொடருக்காக மட்டும் வருடச் சந்தா கட்டத் தேவையில்லை.

பணம் கட்டும் முன் அந்தத் தளத்தின் தேடலில் ஆறு பாகங்களும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உரிமம் பாகம் பாகமாகவும் நாடு நாடாகவும் பிரிந்து கிடப்பதால், முதல் இரண்டு பாகங்கள் மட்டும் இருப்பது, நடுவில் படம் இல்லாமல் இருப்பது எல்லாம் சாதாரணம். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ‘இங்கே இருக்கிறது’ என்று சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இலவச சோதனைக் காலம் கிடைத்தால் முதல் ஐந்து எபிசோடுகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள். பிடிக்குமா பிடிக்காதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

3. எந்த ஒலியில் பார்ப்பது

ஜப்பானிய ஒலி, ஆங்கில சப்டைட்டில். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. டகுமிக்கு ஷினிச்சிரோ மிகியும் அவனது போட்டியாளன் ரியோசுகேவுக்கு டகேஹிதோ கோயாசுவும் கொடுத்த குரல்தான் அந்தப் பாத்திரங்கள். 2000களில் டோக்கியோபாப் நிறுவனம் வெளியிட்ட பழைய ஆங்கில டப்பிங் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் டகுமி ‘டாக்’ ஆகிவிட்டான், நட்சுகி ‘நாடலி’ ஆகிவிட்டாள், பின்னணி இசையும் மாற்றப்பட்டது. பெயர்கள் இப்படி வந்தால் உடனே நிறுத்திவிட்டு வேறு பதிப்பைத் தேடுங்கள்.

ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியத் தயாரிப்பாளர்கள் ஜப்பானியச் சந்தைக்காகச் செய்த அந்த வேகத் தாள இசையும் எஞ்சின் சத்தமும் சேரும்போதுதான், பழைய வரைகலையை மூளை மன்னிக்கிறது.

4. முதல் ஐந்து எபிசோடுகளைக் கடப்பது

இதுதான் எல்லோரும் விழும் இடம். டகுமி ஃபுஜிவாரா பள்ளி இறுதியாண்டு மாணவன். அப்பா புன்டாவின் டோஃபு கடைக்காக, பதின்மூன்று வயதிலிருந்தே விடியற்காலையில் மலை மேலுள்ள விடுதிக்குச் சரக்கு கொண்டுபோகிறான். வண்டி பழைய டொயோட்டா ஸ்ப்ரின்டர் ட்ருவெனோ, ஏஇ86. டோஃபு உடையாமல் ஓட்டுகிறானா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய தம்ளரை அப்பா காரில் வைத்து அனுப்புகிறார். சிந்தக் கூடாது. அவனுக்கோ கார்மேல் ஆர்வமே இல்லை, அது தினமும் செய்யும் வேலை, அவ்வளவுதான்.

முதல் எபிசோடில், பக்கத்து அகாகி மலையிலிருந்து மஞ்சள் ஆர்எக்ஸ்-7 காரில் வந்த கெய்சுகேயை ஏதோ ஒரு பழைய கார் தாண்டிப் போகிறது. ஓட்டியது யார் என்று ஊரே தேடுகிறது. பார்க்கும் நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பந்தயம் தாமதமாவதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான். பெட்ரோல் பங்க் பேச்சுகளையும் நண்பன் இட்சுகியின் அலட்டல்களையும் ஓட்டித் தள்ளாமல் பாருங்கள். ஐந்தாவதில் அந்த வெள்ளை கறுப்பு வண்டி கொண்டை ஊசி வளைவில் சாலையோர வடிகாலுக்குள் உள்பக்கச் சக்கரங்களை இறக்கித் திரும்பும்போது, முந்தைய நான்கு எபிசோடுகளும் வட்டியோடு திரும்பி வரும்.

ஐந்தாவது முடிந்த பிறகும் ஒன்றும் அசையவில்லை என்றால், தாராளமாக விட்டுவிடலாம். இந்தத் தொடர் பிற்பாடு வேறொன்றாக மாறுவதில்லை.

5. பந்தயத்தை எப்படிப் பார்ப்பது

கார் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு மூன்று விஷயம் போதும்.

முதலாவது, இறக்கம். ஏஇ86இல் இருப்பது 1.6 லிட்டர் எஞ்சின், எதிரிகளின் வண்டிகளுக்கு முன் பலமே இல்லை. எதிரிகளில் ஒருவனான நாகசாதோ ஓட்டும் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32க்கு அறிவிக்கப்பட்ட திறன் 280 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். ஏற்றத்தில் மோதினால் டகுமிக்கு வாய்ப்பே கிடையாது. ஆனால் இறக்கத்தில் ஈர்ப்பு விசை எல்லோரையும் ஒன்றாக இழுக்கிறது. அங்கே யார் தாமதமாக பிரேக் பிடிக்கிறார்கள், யாருடைய டயர் கடைசி வளைவு வரை தாங்குகிறது என்பதுதான் கணக்கு. ஜிடி-ஆரின் முன்பக்கம் கனமானது. இறக்கத்தில் அந்தக் கனமெல்லாம் முன் டயர்கள் மேல் விழுந்து அவை தேய்கின்றன, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. கதையின் வெற்றிகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட உண்மையான காரணங்களில் நிற்கின்றன. இந்தத் தொடரின் முதல் ஈர்ப்பே இதுதான் என்பேன்.

இரண்டாவது, எடை மாற்றம். பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னே சாய்கிறது, பின் சக்கரங்களின் பிடி தளர்கிறது. பின் சக்கர இயக்கமுள்ள வண்டியை அந்தக் கணத்தில் திருப்பினால் பின்பகுதி வழுக்கும். டிரிஃப்ட் என்பது அந்த வழுக்கலைக் கையில் பிடித்து வைத்திருப்பது. தம்ளர் தண்ணீர் சிந்தாமல் ஓட்டிய பையனுக்கு எடை எங்கே நகர்கிறது என்பது உடம்பிலேயே பதிந்திருக்கிறது, அவனால் அதை வாயால் விளக்க முடியாது. இந்தத் தொழில்நுட்ப விவரங்களுக்கு ஆலோசகராக இருந்தவர், டிரிஃப்ட் கிங் என்று அழைக்கப்படும் பந்தய வீரர் கெய்ச்சி சுச்சியா.

மூன்றாவது, ரியோசுகே பேசும்போது கவனியுங்கள். வெள்ளை ஆர்எக்ஸ்-7 ஓட்டும் அவன் எல்லாவற்றையும் கணக்காகப் பார்ப்பவன். பார்வையாளருக்குப் பாடம் எடுக்கும் வேலையைக் கதை அவனிடம்தான் ஒப்படைத்திருக்கிறது.

6. குறைகள்: முன்பே தெரிந்துகொண்டு உட்காருங்கள்

வரைகலையைச் சொல்லிவிட்டேன். 1998இல் கார்களை முப்பரிமாணத்திலும் மனிதர்களைக் கையாலும் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டு தெரிகிறது. பத்து எபிசோடில் கண் பழகிவிடும்.

பழகக் கூடாத குறை ஒன்று இருக்கிறது. டகுமியின் வகுப்புத் தோழி நட்சுகி, பணத்துக்காக வயதான ஒருவரோடு பழகுகிறாள். முதல் எபிசோடிலேயே அவருடைய பென்ஸ் காரிலிருந்து இறங்குகிறாள். தொண்ணூறுகளின் ஜப்பானில் பெரிதாகப் பேசப்பட்ட சமூகச் சிக்கல் இது. ஆனால் கதை அதை அவள் பக்கம் நின்று பார்ப்பதே இல்லை. அவள் ஏன் அப்படி ஆனாள், அந்த ஆள் செய்வது என்ன குற்றம் என்ற கேள்விகள் எழுவதில்லை. டகுமிக்கு எப்போது தெரியும், அவன் எவ்வளவு உடைவான் என்பதற்கான கருவியாக அவள் நிற்கிறாள். பள்ளி மாணவி ஒருத்தியை இப்படி எழுதியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இதைப் பேசத் தயாராக இருங்கள்.

பொதுவாகவே பெண்கள் இங்கே பயணியாகவோ பரிசாகவோதான் வருகிறார்கள். மாகோவும் சயுகியும் மட்டும் விதிவிலக்கு. ஸில்எய்ட்டி காரில் ஒருத்தி ஓட்ட, மற்றவள் வளைவுகளைச் சொல்லிக்கொடுக்க, உசுயி கணவாயில் டகுமியைத் திணறடிக்கிறார்கள். அவர்களையும் கதை சீக்கிரமே ஒரு காதல் ஏமாற்றத்துக்குள் தள்ளிவிடுகிறது. வீணான வாய்ப்பு.

அடுத்தது விளைவுகள். பொதுச் சாலையில், இரவில், எதிர்த்திசையில் வண்டி வரக்கூடிய இடத்தில் இவர்கள் பந்தயம் விடுகிறார்கள். கார்கள் தடுப்பில் மோதி நசுங்குகின்றன, ஓட்டுநர் சிராய்ப்போடு எழுந்து நிற்கிறார். கையை ஸ்டியரிங்கோடு டேப்பால் கட்டி ஓட்டும் பந்தயமும், பின்னால் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு எதிரியை நெருங்கும் உத்தியும் வீரமாகக் காட்டப்படுகின்றன. உண்மையில் ஜப்பானில் இது குற்றம், மலைச்சாலைகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நம் ஊரில் பைக் ரேஸ் என்று கிளம்பி நடந்துபோனவர்களை இடித்த செய்திகளைப் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தொடரை ரசிக்கும்போதே இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

7. ஃபோர்த் ஸ்டேஜில் சலிப்பு வரும், இப்படிக் கடக்கலாம்

நான்காவது பாகத்திலிருந்து வரைகலை வெகுவாகத் தேறிவிடும். ஆனால் கதை ஒரு சுற்றுப்பயணமாகிவிடும். ரியோசுகே அமைத்த ப்ராஜெக்ட் டி அணி ஒவ்வொரு மாகாணமாகப் போகிறது. ஏற்றத்தில் கெய்சுகே, இறக்கத்தில் டகுமி. புது ஊர், புது எதிரி, அவரை ஜெயிக்கவே முடியாது என்ற பேச்சு, கடைசி வளைவில் வெற்றி. ஒரே மூச்சில் பார்த்தால் நான்காவது எதிரிக்குள் தலை சுற்றும்.

ஜப்பானில் இது கட்டணச் சேனலில் இரண்டு மாதத்துக்கு இரண்டு எபிசோடு என்ற கணக்கில் 2006 வரை வெளிவந்தது. நீங்களும் இரண்டிரண்டாகவே பாருங்கள். கூடவே சில மாற்றங்களும் தெரியும்: வழுக்கி ஓட்டுவது குறைந்து, டயரின் பிடியை மிச்சம் பிடித்து ஓட்டுவது கூடுகிறது. இபராகி மாகாணத்தில் வரும் இரண்டு நடுவயதுக்காரர்களின் பந்தயங்கள் இந்தப் பாகத்தின் சிறந்த பகுதி, அதற்காகவாவது தாக்குப்பிடியுங்கள்.

ஃபிஃப்த் ஸ்டேஜின் முக்கியப் பந்தயங்கள் கனகாவா மாகாணத்தில் நடக்கின்றன. ஃபைனல் ஸ்டேஜின் நான்கு எபிசோடுகளையும் ஒரே இரவில் முடித்துவிடுங்கள், அது ஏறத்தாழ ஒரே பந்தயம். முடிவைச் சொல்லப் போவதில்லை. அவசரமாக மூடிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஏக்கம் இருந்தால், அடுத்த தலைமுறைக் கதையான எம்எஃப் கோஸ்ட் 2023 முதல் அனிமேயாக வருகிறது.

8. ஹாருனாவுக்குப் போவதென்றால்: ஆவணங்கள்

கதையில் வரும் அகினா மலை என்பது குன்மா மாகாணத்தின் ஹாருனா மலை. அகாகி, மியோகி, உசுயி, இரோஹசகா எல்லாம் தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகின்றன. தொடரை முடித்தவர்களுக்குப் போய்ப் பார்க்கும் ஆசை வரும், முறையாகச் செய்தால் கஷ்டமில்லை.

கார் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட், விசாவோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்ட அனுமதியை மட்டுமே ஜப்பான் ஏற்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் உள்ளன. இந்தியாவில் உங்கள் லைசென்ஸ் பதிவாகியுள்ள ஆர்டிஓவில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி வாங்க வேண்டும். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கலாம். இலங்கையில் ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. இதற்கென்று இணையத்தில் டாலரில் பணம் வாங்கி அட்டை அச்சடித்து அனுப்பும் தளங்கள் நிறைய உண்டு, அந்த அட்டையை ஜப்பானில் எந்த வாடகை நிறுவனமும் ஏற்காது.

இந்த அனுமதி அதிகபட்சம் ஓராண்டுதான் செல்லும், அதனால் ரொம்ப முன்னதாக வாங்கி வைக்காதீர்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு விண்ணப்பித்தால் சரியாக இருக்கும். பெயரின் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டிலும் லைசென்ஸிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதும் நம் பழக்கத்தால் இங்கேதான் வேலை தடைபடும். வண்டி எடுக்கும்போது அனுமதி, அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

9. வழி, செலவு, காலம்

டோக்கியோவிலிருந்தே கார் எடுக்க வேண்டாம், நகர நெரிசலும் சுங்கக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். ஷின்கன்சென் அதிவேக ரயிலில் தகாசாகி வரை ஏறத்தாழ 50 நிமிடம், சுமார் 5,000 யென். நிலையத்தின் அருகிலேயே வாடகைக் கார் கிடைக்கும். சிறிய வண்டிக்கு ஒரு நாளைக்கு 6,000 முதல் 10,000 யென் வரை ஒதுக்குங்கள், முழுக் காப்பீட்டுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது நமக்குப் பெரிய நிம்மதி. தலைகீழ்ச் சிவப்பு முக்கோணப் பலகை கண்டால் சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுக்க நிற்க வேண்டும். வெளிநாட்டவர் அதிகம் மாட்டுவது இதில்தான்.

பந்தயப் பாதை என்பது ஹாருனா ஏரியிலிருந்து இகாஹோ வெந்நீரூற்று ஊருக்கு இறங்கும் மாகாணச் சாலை 33. கார் ஓட்டாதவர்கள் தகாசாகியிலிருந்து ஏரிக்கு நேரடிப் பேருந்தில் போகலாம், ஆனால் அது மலையின் மறுபக்கமாக, ஹாருனா கோயில் வழியே ஏறும். தொடரில் வரும் ஐந்து கொண்டை ஊசி வளைவுகளைப் பார்க்க வேண்டுமானால், ஷிபுகாவா வரை ரயில், அங்கிருந்து இகாஹோவுக்குப் பேருந்து, பிறகு இகாஹோவிலிருந்து ஏரிக்குப் போகும் பேருந்து என்று மாற வேண்டும். அந்தக் கடைசிப் பேருந்து ஒரு நாளைக்குச் சில முறைதான் ஓடுகிறது. திரும்பும் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

டோஃபு கடைக்கு மாதிரியாக இருந்த ஷிபுகாவா கடை இப்போது இல்லை. அதன் முகப்பு, பக்கத்து யோஷியோகாவிலுள்ள இகாஹோ பொம்மை மற்றும் கார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, ஏஇ86 ஒன்றும் நிற்கிறது. அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ஏப்ரல் கடைசி முதல் நவம்பர் முதல் வாரம் வரை போவது நல்லது. குளிர்காலத்தில் ஏரியே உறையும், சாலை பனிக்கட்டி ஆகிவிடும், பனி டயர் இல்லாத வண்டியில் ஏறக் கூடாது. நிக்கோ அருகிலுள்ள இரோஹசகா மலைச்சாலையையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் அக்டோபர் வார இறுதிகளைத் தவிருங்கள், இலையுதிர் நிறங்களைப் பார்க்க வரும் கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்க நேரும். அங்கே ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை, இரண்டும் ஒருவழி. தொடரில் வருவது 28 வளைவுகள் கொண்ட இறங்கு சாலை. மேலே ஒருமுறை ஏறினால்தான் அது கிடைக்கும், மாலையில் கிளம்பினால் இருட்டிவிடும். காலை எட்டு மணிக்குள் நிக்கோவிலிருந்து புறப்படுங்கள்.